பிரம்ம கமலத்தை அதன் மலையிலேயே பார்க்க: முதல்முறை போகிறவர்களுக்கு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் வீடுகளில் தொட்டியில் வளர்ந்து, வருடத்தில் ஓரிரு இரவு மட்டும் வெள்ளையாகப் பூத்து, விடிவதற்குள் தலை கவிழ்ந்துவிடும் பூவைத்தான் பலரும் பிரம்ம கமலம் என்கிறோம். அது நிஷாகந்தி. மெக்சிகோ பக்கத்துக் கள்ளி இனம், இலையை நட்டாலே வேர்விடும். உண்மையான பிரம்ம கமலம் சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. இமயமலையில் சுமார் 3,700 மீட்டருக்கு மேல், பாறை இடுக்கிலும் புல்சரிவிலும் மட்டும் வளரும். உத்தராகண்டின் மாநில மலர் அது. பூஜைக்கும் மருந்துக்கும் பறித்துப் பறித்தே பல சரிவுகளில் அருகிப்போய்விட்டது.

அதைப் பார்க்க நான் இரண்டு முறை போக வேண்டியிருந்தது. முதல்முறை ஒரு டிராவல்ஸ்காரர், “பூக்களின் பள்ளத்தாக்கு முழுக்க பிரம்ம கமலம்தான்” என்று சொன்னதை நம்பி ஜூன் கடைசியில் போனேன். மாதமும் தப்பு, இடமும் தப்பு. பள்ளத்தாக்கில் அப்போதுதான் பனி உருகிப் புல் முளைத்துக்கொண்டிருந்தது. நான் தேடிய பூ வளரும் இடமோ எதிர்ப்பக்க மலையில் இன்னும் 800 மீட்டர் உயரத்தில் இருந்தது. அங்கே ஏற நாளும் மிச்சமில்லை, காலிலும் தெம்பில்லை. அவ்வளவு தூரம் போய்ப் பார்க்காமல் திரும்பிய வருத்தம் ஒரு வருடம் இருந்தது. அந்த வருத்தம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. இடத்தைச் சரியாகப் பிடியுங்கள்

கட்டாயம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஊர் காங்கரியா. உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில், சுமார் 3,050 மீட்டர் உயரத்தில் இருக்கும் சின்னக் குடியிருப்பு. சீக்கிய யாத்ரீகர்கள் கோவிந்த் தாம் என்பார்கள், இரண்டும் ஒரே ஊர்தான். அங்கிருந்து பாதை இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் போனால் பூக்களின் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா. வலது பக்கம் ஏறினால் ஆறு கிலோமீட்டரில் ஹேம்குண்ட் சாகிப் குருத்வாரா.

பள்ளத்தாக்கில் பூக்களுக்குக் குறைவில்லை, ஆனால் நடைபாதை போகும் உயரத்தில் பிரம்ம கமலம் கிடையாது. அது இருப்பது ஹேம்குண்ட் பாதையின் கடைசிப் பகுதியில், 4,000 மீட்டர் தாண்டிய பிறகு. இணையத்தில் படங்களைப் பார்த்துவிட்டுப் பள்ளத்தாக்குக்கு மட்டும் திட்டம் போட்டு வருகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பயணத் திட்டத்தில் ஹேம்குண்டுக்கு என்று முழுதாக ஒரு நாள் இருக்க வேண்டும். ஏஜென்ட் மூலம் போவதானால், “ஹேம்குண்ட் விருப்பப்பட்டால்” என்று எழுதியிருக்கும் திட்டத்தை ஏற்காதீர்கள்.

2. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

பூங்கா ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை திறந்திருக்கும். அதனால் எப்போது போனாலும் பூ இருக்கும் என்று அர்த்தமில்லை. ஜூனில் பாதையோரம் பனிக்கட்டி, செப்டம்பர் கடைசியில் காய்ந்த தண்டு.

பிரம்ம கமலத்துக்கு ஜூலை கடைசி முதல் செப்டம்பர் முதல் வாரம் வரை. என் தேர்வு ஆகஸ்ட் 10 முதல் 25க்குள். அப்போது மழை அதிகம், சாலையில் மண் சரியும், அது உண்மைதான். ஆனால் அந்த மழையில்தான் இந்தப் பூ பூக்கிறது. வானம் தெளியட்டும் என்று செப்டம்பர் கடைசிக்குத் தள்ளினால் பூ பழுப்பேறி விதைக்குத் தயாராகிவிட்டிருக்கும்.

நீலப் பாப்பியும் பார்க்க வேண்டுமானால் ஜூலை கடைசி, ஆகஸ்ட் முதல் வாரம் நல்லது. நம் கசகசாச் செடியின் தூரத்து உறவு அது. தண்டு முழுக்க முள், இதழ் மட்டும் மழைக்கால வானத்து நீலம். ஹேம்குண்ட் பாதையில் பாறை இடுக்குகளில் தென்படும்.

3. எத்தனை நாள் வேண்டும்

டெல்லியிலிருந்து கிளம்பித் திரும்ப ஒன்பது நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ஹரித்வார் அல்லது ரிஷிகேஷ். இரண்டாம் நாள் ஜோஷிமட் அல்லது கோவிந்த்காட் (மலையடிவார ஊர்கள், கோவிந்த் தாம் வேறு). மூன்றாம் நாள் காங்கரியாவுக்கு நடை. நான்காம் நாள் பள்ளத்தாக்கு, ஐந்தாம் நாள் ஹேம்குண்ட். ஆறாம் நாள் இறக்கம், ஏழாம் நாள் ரிஷிகேஷ். மீதி இரண்டு நாள் கையிருப்பு.

இந்தக் கையிருப்பு நாட்களைத்தான் எல்லோரும் வெட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து வெட்டாதீர்கள். ஸ்ரீநகருக்கும் (காஷ்மீர் இல்லை, உத்தராகண்டில் இருக்கும் ஸ்ரீநகர்) ருத்ரபிரயாகைக்கும் நடுவே சிரோபகட் என்று ஓர் இடம், பீப்பல்கோட்டி தாண்டினால் பாகல் நாலா. மழைக்காலத்தில் இந்த இரண்டு இடங்களிலும் மலை சரிந்து சாலை அடைபடுவது சாதாரணம். சில நேரம் இரண்டு மணி நேரத்தில் திறக்கும், சில நேரம் மறுநாள்தான். நான் பாகல் நாலாவில் காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை நின்றேன். ஜேசிபி ஒரு பக்கம் மண்ணைத் தள்ளத் தள்ள, மேலேயிருந்து இன்னொரு கூடை வந்து விழும். பக்கத்தில் நின்ற ஒரு குடும்பத்துக்கு மறுநாள் மாலை டெல்லியில் விமானம். அவர்கள் பாதி வழியிலேயே திரும்பிப் போனார்கள்.

திரும்பும் விமானத்தையோ ரயிலையோ ரிஷிகேஷ் வந்து சேரும் நாளுக்கே போடாதீர்கள். இடையில் ஒரு நாளாவது விடுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. ஆகஸ்ட் நடுவில் பயணம் என்றால் ஜூன் நடுவில் காலையிலேயே உட்கார வேண்டும்.

4. ஆவணங்கள்

இங்கே இரண்டு தனித்தனி அனுமதிகள். இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொள்வதுதான் வழக்கமான தவறு.

ஒன்று, யாத்திரைப் பதிவு. சார்தாமுக்கும் (பத்ரிநாத், கேதார்நாத், கங்கோத்ரி, யமுனோத்ரி) ஹேம்குண்ட் சாகிப்புக்கும் போகிறவர்கள் உத்தராகண்ட் சுற்றுலாத் துறையின் அதிகாரபூர்வத் தளத்தில் பதிய வேண்டும். கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது இடைத்தரகர் தளம், மூடிவிடுங்கள். பதியும்போது போகும் இடங்களின் பட்டியலில் ஹேம்குண்ட் சாகிப்பைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். பத்ரிநாத்தை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு வந்து நிற்கிறவர்களைப் பார்த்தேன். உடல்நிலை பற்றிய கேள்விகளுக்கு உள்ளதைச் சொல்லுங்கள். முடிந்ததும் கியூஆர் கோடு வரும், அதைக் காகிதத்தில் அச்செடுத்து வையுங்கள். தேவைப்படும் இடத்தில் போனில் சிக்னல் இருக்காது.

இரண்டு, தேசியப் பூங்காவுக்கான நுழைவுச் சீட்டு. இந்தியர்களுக்கு 200 ரூபாய், வெளிநாட்டவருக்கு 800 ரூபாய். இப்போது ஆன்லைனிலும் எடுக்கலாம், காங்கரியா தாண்டியதும் வரும் வனத்துறைக் கவுன்ட்டரிலும் எடுக்கலாம். ஹேம்குண்ட் போக இந்தச் சீட்டு தேவையில்லை.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: அசல் ஆதார், அதன் நகல் நான்கு, பாஸ்போர்ட் அளவுப் படம் இரண்டு, வழக்கமாக மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரின் சீட்டு. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பாஸ்போர்ட், விசா இரண்டின் நகலும் கொண்டு வாருங்கள். எல்லாவற்றையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். மழையில் நனைந்த ஆதார் நகலை யாராலும் படிக்க முடியாது.

5. செலவுக் கணக்கு

டெல்லியிலிருந்து டெல்லி வரை எனக்கு ஆனது சுமார் 14,000 ரூபாய். பேருந்தும் ஷேர் ஜீப்பும்தான், கோவேறு கழுதை எடுக்கவில்லை. காங்கரியாவில் தங்க மூன்று வழிகள். கர்வால் மண்டல் விகாஸ் நிகம் நடத்தும் அரசு விடுதி உண்டு, அதை முன்கூட்டியே ஆன்லைனில் பிடிக்க வேண்டும். தனியார் லாட்ஜ்கள் உண்டு. சீசனில் அறைக்கு 1,000 முதல் 2,500 வரை கேட்பார்கள், நேரில் பேசினால் கொஞ்சம் குறையும். குருத்வாராவில் தங்கினால் கட்டணமே இல்லை. கூடம், கம்பளம், லங்கர் எனும் பொதுச் சமையலறைச் சாப்பாடு எல்லாம் உண்டு, முடிந்ததை உண்டியலில் போடலாம். ரிஷிகேஷ், ஜோஷிமட், கோவிந்த்காட்டிலும் இதே ஏற்பாடு இருக்கிறது.

பணத்தை ஜோஷிமட்டிலேயே எடுத்துவிடுங்கள். மேலே கார்டை நம்பாதீர்கள், யுபிஐ சிக்னல் இருந்தால்தான். சாமான் எல்லாம் கழுதை முதுகில் ஏறி வருவதால் உயரம் கூடக்கூட டீ, மேகி, தண்ணீர் பாட்டில் விலை கூடும். அதற்குக் கடைக்காரரோடு சண்டை வேண்டாம்.

கழுதைக்கும், கூடையில் ஆளைத் தூக்கும் கண்டிக்கும் கட்டணப் பலகை வைத்திருக்கிறார்கள். பலகையைப் பார்த்துவிட்டு, கட்டணச் சீட்டு வாங்கியே ஏறுங்கள். பாதி வழியில் களைத்துப்போய்ப் பேரம் பேசினால் சொன்ன விலைதான்.

6. காங்கரியா வரை

ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் சுமார் 250 கிலோமீட்டர், பத்து மணி நேரத்துக்குக் குறையாது. பேருந்துகள் விடியற்காலையிலேயே கிளம்பிவிடும். இரவில் மலைச்சாலையில் வண்டி ஓட அனுமதியில்லை, அதனால் காலை வண்டியைத் தவறவிட்டால் அந்த நாளே போனதுதான். முந்தின நாள் மாலையே பேருந்து நிலையம் போய் டிக்கெட் எடுங்கள். ஜோஷிமட்டின் பெயரை 2024இல் ஜோதிர்மட் என்று மாற்றியிருக்கிறார்கள். பலகையில் அப்படி இருந்தால் குழம்ப வேண்டாம்.

ஜோஷிமட்டிலிருந்து கோவிந்த்காட் இருபது கிலோமீட்டர் சொச்சம், அங்கிருந்து புல்னா வரை நான்கு கிலோமீட்டர் ஷேர் ஜீப். புல்னாவில்தான் நடை தொடங்குகிறது, பத்து கிலோமீட்டர் அளவில். நன்றாகக் கல் பாவிய பாதை, வழியெல்லாம் கடைகள். ஆனால் கடைசி மூன்று கிலோமீட்டர் செங்குத்து. காலை ஒன்பதுக்குள் நடக்கத் தொடங்குங்கள்.

இந்தி தெரியாவிட்டாலும் ஒரு வாக்கியம் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: “ராஸ்தா குலா ஹை க்யா?” சாலை திறந்திருக்கிறதா என்று அர்த்தம். தினமும் காலையில் முதல் டீக்கடையில் இதைக் கேட்டுவிட்டுக் கிளம்பினால் பாதிப் பிரச்சினை தீரும்.

7. முதலில் பள்ளத்தாக்கு, அப்புறம் ஹேம்குண்ட்

இந்த வரிசையை மாற்றாதீர்கள். பள்ளத்தாக்குப் பாதை ஏறத்தாழ 3,500 மீட்டரோடு நின்றுவிடுகிறது. ஹேம்குண்ட் 4,300 மீட்டருக்கும் மேல். உடம்பு உயரத்துக்குப் பழக அந்த ஒரு நாள் இடைவெளி பெரிய உதவி.

பூங்கா வாசல் காலை ஏழு மணிக்குத் திறக்கும். மதியத்துக்கு மேல் உள்ளே விட மாட்டார்கள், மாலை ஐந்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே தங்க முடியாது, கழுதையும் கடையும் இல்லை. சாப்பாட்டைக் காங்கரியாவிலேயே பொட்டலம் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, வெள்ளைக் கொத்துகளோடு பெரிய பரப்பை மூடியிருக்கும் ஒரு செடியைப் பார்ப்பீர்கள். அமேலா என்பார்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது பரவும் இடத்தில் சின்னப் பூச்செடிகளுக்கு வெளிச்சம் கிடைப்பதில்லை. வனத்துறையினர் ஆளைவிட்டுப் பிடுங்குகிறார்கள். யாராவது செடிகளைப் பிடுங்கிக் குவித்திருப்பதைப் பார்த்தால் பதற வேண்டாம். பிடுங்குவது அவர்கள் வேலை, நாம் கை வைக்கக் கூடாது. தேசியப் பூங்காவில் ஒரு இலையை எடுப்பதும் 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

8. ஹேம்குண்ட் நாள்

இதுதான் நீங்கள் வந்த நாள். காலை ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். ஆறு கிலோமீட்டர்தானே என்று தோன்றும், ஆனால் அந்த ஆறு கிலோமீட்டரில் 1,100 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். எனக்கு ஐந்தரை மணி நேரம் ஆனது. மேலே இரவு தங்க முடியாது. மதியம் இரண்டு மணிவாக்கில் எல்லோரையும் கீழே இறக்கிவிடுவார்கள். தாமதமாகக் கிளம்பினால் மேலே போய் மூச்சு வாங்கி நிமிர்வதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள்.

மூச்சு பற்றிக் கவனமாக இருங்கள். லேசான தலைவலி பலருக்கும் வரும், உட்கார்ந்து தண்ணீர் குடித்தால் அடங்கும். வாந்தி, நடையில் தள்ளாட்டம், பேச்சுக் குழறல் என்று வந்தால் பூவை மறந்துவிட்டு உடனே கீழே இறங்குங்கள். படுத்து ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்பது ஆபத்தான எண்ணம். உயரத்தால் வரும் உபாதைக்குப் போடும் டயமாக்ஸ் மாத்திரையை மருத்துவரிடம் கேட்காமல் போடாதீர்கள், சல்பா மருந்து ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

கழுதையில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைசிப் பகுதியில் பாதை வளைந்து வளைந்து போகும், குறுக்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல் படிக்கட்டுகளும் உண்டு. அந்தப் படிகளின் ஓரத்திலும் மேல் சரிவிலும்தான் பிரம்ம கமலம் அதிகம். கழுதையில் ஏறினாலும் இறங்கும்போது படிக்கட்டு வழியாக நடந்து வாருங்கள்.

நான் முதல் பூவைப் பார்த்தது படிக்கட்டு தொடங்கிக் கொஞ்ச தூரத்தில். தூறிக்கொண்டிருந்தது. முழங்காலுக்கும் குறைந்த உயரத்தில், ஒரு பாறையை ஒட்டி மூன்று தண்டுகள். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ வெண்ணெய்க் காகிதத்தைச் சுருட்டிச் செருகிவைத்த மாதிரி இருந்தது. பக்கத்தில் குனிந்தால் அந்தக் காகிதத்தில் நரம்பு ஓடுகிறது, வெளிறிய மஞ்சளில் பச்சை கலந்த நிறம். நாம் இதழ் என்று நினைக்கிற அது இதழே இல்லை, பூவைப் போர்த்தியிருக்கும் இலை. உண்மையான பூக்கள் உள்ளே, கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த சின்னச் சின்ன மொட்டுக்கொத்தாக. வெளிப்பக்கமெல்லாம் மழைத்துளி உருண்டு ஓட, உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை. வெளிச்சத்தை உள்ளே விட்டு, மழையையும் குளிரையும் வெளியே நிறுத்தும் கண்ணாடி வீடு மாதிரி அந்தப் போர்வை. மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் நெடி அடிக்கிற அளவுக்கு வாசனை. ஒரு குண்டு வண்டு இடுக்கு வழியாக முட்டி முட்டி உள்ளே நுழைந்தது. அது வெளியே வரும் வரை நான் அங்கேயே மழையில் உட்கார்ந்திருந்தேன்.

படம் எடுக்கப் பாதையை விட்டு இறங்காதீர்கள். சரிவில் ஒரு காலடி வைத்தால் ஈரமண் பெயர்ந்து, கண்ணுக்குத் தெரியாத இளஞ்செடிகளும் சேர்ந்து போகும். படியிலிருந்தே எடுக்கும் தூரத்தில் பூக்கள் இருக்கின்றன, போனில் ஜூம் போதும்.

மேலே குருத்வாராவுக்குள் போகத் தலையை மூட வேண்டும், ஒரு கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள். லங்கரில் சூடாகக் கிச்சடியும் டீயும் தருவார்கள். குருத்வாராவை ஒட்டிய ஏரியின் கரையிலேயே லட்சுமணன் கோயில் ஒன்றும் இருக்கிறது, பலர் கவனிக்காமல் இறங்கிவிடுகிறார்கள்.

9. பையில் என்ன

முழங்கால் தாண்டும் மழைக்கோட்டு கட்டாயம். குடை காற்றில் நிற்காது. நல்ல பிடிப்புள்ள, ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூ. புது ஷூவோடு வந்தவர்கள் புல்னாவிலேயே நொண்டத் தொடங்கினார்கள். காலுறை நான்கு ஜோடி, ஒரு ஸ்வெட்டர், டார்ச், பவர் பேங்க். காங்கரியாவில் மின்சாரம் எல்லா நேரமும் இருக்காது. கைத்தடி வழியிலேயே கிடைக்கும். கொண்டுபோகும் பிளாஸ்டிக் எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வர ஒரு தனிப் பை.

10. இறங்கும்போது

கையிருப்பு நாள் மிச்சமிருந்தால் கோவிந்த்காட்டிலிருந்து பத்ரிநாத் 25 கிலோமீட்டர்தான், போய் வரலாம். யாத்திரைப் பதிவில் அதையும் முன்பே சேர்த்திருக்க வேண்டும்.

மலைக் கோயில்களில் பிரம்ம கமலத்தைச் சாமிக்கு வைக்கும் வழக்கம் உண்டு. வழியில் யாராவது கூடையில் வைத்து உங்களிடம் நீட்டக்கூடும். ஐம்பதோ நூறோதான் என்று வாங்கிவிடாதீர்கள். விதை பிடிக்கும் முன் பறித்த பூ அது. அந்தத் தண்டிலிருந்து அந்த வருடம் ஒரு நாற்றும் வராது. ஊருக்குக் கொண்டுவந்து நட்டாலும் நம் வெயிலில் பிழைக்காது. விதை, கிழங்கு என்று ஆன்லைனில் விற்பதும் பெரும்பாலும் நிஷாகந்திதான். பத்ரிநாதருக்கு வழக்கமாகச் சாத்துவது துளசி மாலை. கோயில் வாசலிலேயே கட்டி விற்கிறார்கள், அதை வாங்கிக்கொள்ளுங்கள்.